ரிமோர்ஸுக்கு ஒரு சம்பவம்

...ரிலென்ட்லெஸ், ஓயாத, விடாப்பிடியான, அதற்குப் பெல்ட், பக்கிள் இருக்கிற முனை. பிரீடெக்ஸ்ட், சாக்கு, அதற்குச் சோற்றில் உப்பில்லை என்று முகத்தில் வந்து விழுந்த தட்டு. வின்டிக்டிவ், வஞ்சம் வைக்கிற, அதற்கு வாளித் தண்ணீரில் முங்கிக் கிடந்த அவளுடைய போன்... எல்லாம் டாண் டாண் என்று வருகிறது, வராமல் என்ன செய்யும், இஸ்திரிப் பெட்டி புருஷனின் சட்டைக் காலரில் போய்வந்துகொண்டிருக்க அவள் வாய் முணுமுணுத்தது. வார்த்தையை உருப்போடாதீங்க, மறக்க முடியாத ஒரு சம்பவத்தோட முடிச்சுப் போட்டுடுங்க என்று இங்கிலீஷ் பயிற்சி வகுப்பு டீச்சர் சொன்னாள், பாவம், முதல் சைக்கிள், முதல் சம்பளம் என்று நினைத்துச் சொல்லியிருப்பாள். இவளிடம் இருந்த சரக்கு இதுதான், கல்யாணமானதிலிருந்து ஒரு குறையும் வைக்காமல் கொடுத்திருக்கிறான் மகராசன். ரிமோர்ஸ் என்ற ஒரே வார்த்தைதான் மக்கர் பண்ணியது, செய்ததை நினைத்து உள்ளுக்குள் வேகிறதாம், அதற்கு அவனிடம் ஒரு சம்பவம்கூடக் கிடையாது, அடித்த கையோடு குறட்டை விடுகிறவனிடம் எங்கே போய்த் தேட?

பத்து மணிக்குப் பரீட்சை, தேறினால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி, இங்கே செய்கிற அதே புண் கட்டுகிற நர்ஸ் வேலைதான், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், அவன் கை எட்டாத இடம். தேறாவிட்டால் இதே அறை, இதே கை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான், பரீட்சை விஷயத்தை யாரோ வத்தி வைத்துவிட்டார்கள்... கேட்கலாமா, காலில் விழலாமா, சப்மிசிவ், அடங்கிப்போகிற, அதற்குச் சம்பவமே வேண்டாம், அவளே போதும். “ஏங்க, சாவியக் குடுங்க, மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்.” அவ்வளவுதான், பின்னலைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். “பரீட்சையா? இங்கிலீஷு கேக்குதா உனக்கு?” தலை சுவரில் மோதியது, மறுபடியும் மோதியது, “கத்துடி, இங்கிலீஷ்ல கத்து பாக்கலாம்,” உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம், லாசரேஷன், தையல் போட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் மூளை அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது, இன்னொரு மோதலுக்காகத் தலை பின்னால் இழுபட்டபோதுதான் தெரிந்தது, இஸ்திரிப் பெட்டியை அவள் இன்னும் விடவில்லை...

தோளுக்கு மேலே தூக்கிப் பின்னலைப் பிடித்த கையின்மேல் வைத்தாள். சர்ரென்றது. எடுக்கவில்லை, மடிப்பு நிற்க வேண்டுமென்றால் அழுத்த வேண்டும் என்று அவன்தானே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தான், அழுத்தினாள், தோல் வெந்த வாடை, வார்டில் பழகிய வாடைதான், “அம்மா!” என்று அலறினான், பார், அவனுக்கும் இங்கிலீஷில் வரவில்லை. குனிந்தவனின் முழங்காலில் பெட்டியின் முனையால் ஓங்கி ஓர் இடி, எதிலோ பட்டு நறுக்கென்றது, விழுந்தான், அவள் குனிந்து அவன் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள், பெட்டியின் சுவிட்சை அணைத்தாள், சட்டை கருகிவிடக் கூடாதே!

கதவைத் திறந்தபிறகு வாய் தானாகச் சொன்னது, “பேஸ்ட் கீஸ்ட் தடவித் தொலைக்காதீங்க, குழாய்த் தண்ணியில காட்டுங்க.” உள்ளே அவன் ஊளையிட்டுக்கொண்டிருந்தான். படியிறங்கும்போது, சரி, இப்போதாவது சம்பவம் கிடைத்ததே, முடிச்சுப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள், ரிமோர்ஸ், ரிமோர்ஸ்... உள்ளே துழாவினாள், வேகிறதா, எங்கேயாவது கொஞ்சம் சுடுகிறதா? ஒன்றுமில்லை. அப்படியானால் தண்ணீரில் காட்டச் சொன்னது எது, மனசா, வெறும் தொழில் புத்தியா? ஒருவேளை அவனும் இப்படித்தானோ, ஒவ்வொரு தடவையும் உள்ளே தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல்தான் தூங்கிப்போனானோ... சீ, அவனும் நானும் ஒன்றா? பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, உதட்டில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டபோதுதான் கவனித்தாள், கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.