இடது காதுக்குப் பின்னால்

கண்ணாடிக்கடை அம்மாவின் முகத்துக்கு முப்பத்தாறாவது வயதோடு வயது ஏறுவது நின்றுவிட்டது. உடம்பின் மற்ற பாகங்கள் ஒழுங்காக வருஷத்துக்கு ஒரு வயது ஏறிக்கொண்டிருந்தன. முட்டி வலித்தது, முடி நரைத்தது, புறங்கையில் நரம்பு புடைத்தது. முகம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அது ஒரு வியாழக்கிழமை என்று அவள் சொல்வாள். வியாழனோ வெள்ளியோ, நின்றது நின்றதுதான். முதல் நாலைந்து வருஷம் தெருவில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தவர்கள் வந்து விசாரித்தார்கள், அவளும் ஒளிக்காமல் சொன்னாள், கேட்டவர்கள் ஒரு வாரம் செய்துபார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சாதாரண மனிதர்களால் தாங்கக்கூடிய வேலை இல்லை அது.

முகத்துக்கு வயதாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு வந்ததே வேலையால்தான். கடையில் அவள் வேலை, வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் ஃபிரேமைப் பொருத்திப் பார்ப்பது. ஒரு நாளைக்கு முப்பது முகம், ஒவ்வொன்றும் ஒரு சாண் தூரத்தில். அதே முகங்கள் இரண்டு வருஷம் கழித்துப் பவர் மாற்ற வரும்போது கண்ணுக்குக் கீழே ஒரு பை கூடியிருக்கும், வாயோரத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும். மற்றவர்களுக்கு மெல்ல நடப்பது அவளுக்கு இரண்டிரண்டு வருஷமாகத் தாவித் தாவி நடந்தது, பாவம். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. காதுக்குப் பின்னால் போகும் கம்பியை வலிக்காமல் வளைத்து உட்கார வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய காதின் பின்பக்கம் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவள் தன் காதைப் பற்றி என்ன செய்தாள் என்பதுதான் இந்த விவகாரமே.

காலை ஐந்து பத்துக்குக் குளியலறைக் கதவு சாத்தப்படும், ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் திறக்கும். கதவின் உள்பக்கம் ஒட்டிய காகிதத்தில் பதினோரு வரிகள் இருந்தன. வெந்நீர் ஆகாது, வெதுவெதுப்பு மட்டும். துடைக்கக்கூடாது, ஒற்ற வேண்டும். சீரம் நான்கு சொட்டு. கண்ணைச் சுற்றி மோதிர விரலால் மட்டும், ஏனென்றால் அதற்குத்தான் பலம் குறைவு. மாய்ஸ்சரைசர் கீழிருந்து மேலாக. சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம், வெளியே மழை கொட்டினாலும். சாயங்காலம் வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. படுப்பது மல்லாந்து மட்டும். பக்கவாட்டில் படுத்தால் தலையணை கன்னத்தில் கோடு போடும். கடைசி இரண்டு வரிதான் வீட்டில் இருந்தவர்களின் உயிரை வாங்கியது. பத்தாவது, சிரிக்கக்கூடாது. பதினொன்றாவது, அழக்கூடாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஊரையே சிரிக்கவைக்கிற மனுஷன், வாய்த்தது இப்படி ஒரு மனைவி. அவர் தினமும் வேலையிலிருந்து ஒரு ஜோக்கோடு வருவார். அதை அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லமாட்டார். நாற்காலிக்குப் பின்னால், அவள் இடது தோள் பக்கமாகப் போய் நின்றுகொண்டு சொல்வார். முன்னால் வந்தால் அவள் முகம் அசையாமல் இருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் மனுஷன் பின்னால் ஒளிகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சொல்லி முடித்ததும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்காருவார். இருபது வருஷம் ஒரு சிரிப்புகூட வாங்காமல் ஒருவர் எப்படித் திருப்தியாகத் தலையாட்ட முடியும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அசடு என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

மகள் டவுன் பஸ் டிரைவர். முதல் டிரிப் ஆறு மணி இருபதுக்கு, குளியலறையோ ஐந்து ஐம்பத்தைந்துக்கு. ஆகவே இருபத்திரண்டு வருஷமாக அவள் சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஓடினாள். வண்டி ஓட்டி ஓட்டி அவளுடைய ஜன்னல் பக்கத்துக் கன்னம் மற்ற கன்னத்தைவிட எட்டு வயது மூத்துவிட்டது. தினமும் வாசல்வரை வந்து அம்மா அந்தக் கன்னத்தைப் பார்த்து, "சன்ஸ்கிரீன் போட்டியா?" என்பாள். "எங்கம்மா போடறது, உள்ள நீதானே இருந்தே" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். இந்த இரண்டு வரிப் பேச்சு ஒரு நாள்கூட மாறியதில்லை. மகளுக்கு முப்பத்தாறு நடந்த வருஷம் இருவர் முகமும் ஒரே வயது. அந்த ஒரு வருஷம் வீடு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் மகள் தாண்டிப் போய்விட்டாள். அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில், பழைய போட்டோவைக் கொடுத்து ஏமாற்றுவதாக அம்மாவைக் குற்றம் சொன்ன அலுவலர், தானே புதிதாக ஒன்று எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. "சரி, அடுத்தவங்க" என்றுவிட்டு, பக்கத்தில் நின்ற மகளிடம், "உங்க பொண்ணு கையெழுத்து இங்க போடணும்" என்றார். மகள் அன்றைக்கு பஸ்ஸை ஓட்டிய வேகத்தை அந்த வழித்தடத்துப் பயணிகள் இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலோடு ஒரு மனுஷி காலம் தள்ளிவிடலாம். மகள் மனசில் இருந்தது வேறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நடுராத்திரியில் லிஃப்ட்காரர் இதயம் நின்று இறந்துபோனார். விடிவதற்குள் வீடு முழுக்க ஜனம். ஐந்து பத்துக்கு அம்மா எழுந்து குளியலறைக்குள் போனாள், ஐந்து ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்தாள், முப்பத்தாறு வயது முகத்தோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "இவளுக்கு எங்க அண்ணனைவிட மூஞ்சிதான் பெருசு" என்றாள். மகள் அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்தாள். அப்பா ஒரு சிரிப்புக்கும் வழியில்லாமல் வாழ்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீருக்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்ற நினைப்பு அவளைவிட்டுப் போகவேயில்லை. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாள், சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள். மன்னிக்கவில்லை. துவைக்கிற விஷயத்திலும் ஒரு தொல்லை: அப்பா போனதிலிருந்து அம்மாவின் தலையணை உறையில் இடது பக்கம் மட்டும் வாராவாரம் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. "உன் கிரீம் கறைய எடுத்து எடுத்து என் கைதான் தேயுது" என்று மகள் கத்துவாள். அம்மா பதில் சொல்வதில்லை. முகம் கோணினால் கோடு விழும்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு நடக்கும்போது குளியலறைத் தரையில் சிந்தியிருந்த ஃபேஸ்வாஷ் நுரையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுகிற நேரத்தில்கூட அதைத்தான் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் செய்துகொள்ளலாமே என்று டாக்டர் சொன்னதற்கு, இடது கை தோலைக் கீழ்நோக்கி இழுக்கும் என்றாள். டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

இப்படியாக, மறுநாள் காலை ஐந்து பத்துக்கு இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மகள் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தாள். முக்காலியில் அம்மா, பின்னால் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து மகள். முதல் நாளே சண்டை. அலமாரியில் இருந்த டப்பாக்களில் மூன்று காலாவதியாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, கண்ணுக்கான கிரீம் என்று அம்மா எடுத்துத் தந்தது பாத வெடிப்புக்குப் போடுகிறது.

"இத்தனை நாளா இதையா கண்ணுக்குப் போட்டுட்டு இருந்தே?"

"எழுத்து சின்னதா இருக்குடி. யாருக்குத் தெரியுது."

"கண்ணாடிக்கடையில முப்பது வருஷம் வேலை பார்த்திருக்க. ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டா என்ன?"

"போடக்கூடாது" என்றாள் அம்மா. மூக்கில் தழும்பு விழும் என்பதற்காக இருக்கும் என்று மகள் நினைத்து, தலையில் அடித்துக்கொண்டு, பாத வெடிப்பு கிரீமையே மோதிர விரலில் எடுத்தாள். முகம் அதையும் ஏற்றுக்கொண்டது. எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் போல. அப்படியானால் முக்கால் மணி நேரம் எதற்கு என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

நாலாம் நாள், கழுத்தில் தடவிக்கொண்டே மேலே வந்தபோது, இடது காது மடலுக்குப் பின்னால் விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது. மடலை மடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம். அந்த இடம் மட்டும் கிழடு. அறுபத்தெட்டு வயது இல்லை, அதற்கும் மேலே. முகம் வாங்க மறுத்த அத்தனை கோடுகளும் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே வந்து நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சிரிப்புக் கோடுகள் விசிறிபோல ஒரு பக்கம், குறுக்கே கவலைக் கோடுகள், நடுவில் ஆழமாக ஒரு வரி. அந்த வரி ஈரமாக இருந்தது. மகள் துண்டால் ஒற்றினாள். மறுபடி ஊறியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவளுக்குத் தலையணை உறை ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்து வெள்ளை வட்டம். முக்காலிக்குப் பின்னால் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிரீம் போட்டுடாதே அங்க" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"உனக்குத் தெரியுமா இது?"

"மொதல்ல மறந்துதான் போச்சு. ஊர்ல இருக்கிறவங்க காதெல்லாம் பார்த்தேன், என் காதுக்குப் பின்னால பார்க்கத் தோணல. உங்க அப்பாதான் கண்டுபிடிச்சார். நான் சிரிக்கிறப்ப அங்க சுருங்குதாம். அதை மட்டும் விட்டுடு, வேற எதுவும் கேக்கமாட்டேன்னார். விட்டுட்டேன். கண்ணாடி போட்டா கம்பி அதுமேல அழுத்தும், அதான் போடல."

நாற்காலிக்குப் பின்னால், இடது தோள் பக்கமாக நின்று ஜோக் சொல்லி, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போன மனுஷன் மகளின் கண்முன்னால் வந்தார். அவர் ஒளியவில்லை. அவருக்கு வேண்டியது அங்கே கிடைத்தது, தினமும் கிடைத்தது, வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார். அசடு என்று நினைத்தவர்கள்தான் அசடு. மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னம்மா? பதினோரு வருஷம்."

"நீ கேக்கலையே."

மகள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒற்ற வேண்டும் என்பதை மறந்து அழுத்தித் துடைத்தாள், அம்மா எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அதைப் பார்த்து, "ஒத்து, ஒத்து" என்றாள். மகள் அவள் முக்காலிக்குப் பின்னால், இடது தோள் பக்கமாக நகர்ந்து நின்று, தனக்கு வராத வேலை என்று தெரிந்தே, அப்பாவின் ஜோக் ஒன்றைத் தொடங்கினாள். பத்தாவது மாடியில் லிஃப்டை ரிப்பேர் செய்துவிட்டு ஒருத்தன் படியில் இறங்கி வருகிறான். ரிப்பேர் ஆயிடுச்சே, லிஃப்ட்லயே வந்திருக்கலாமே என்கிறார் கட்டட ஓனர். இல்ல, ஓனர் இல்லை, வாட்ச்மேன். ஓனரோ வாட்ச்மேனோ, கேட்கிறார். அவன் சொல்கிறான், ரிப்பேர் பண்ணது நான்தானே சார், எனக்குத் தெரியாதா. சொல்லி முடித்துவிட்டுக் காதுமடலை மடித்துப் பிடித்துக் காத்திருந்தாள். எதிரே கண்ணாடியில் அம்மாவின் முப்பத்தாறு வயது முகம் ஒரு மயிரிழை அசையவில்லை. மடலுக்குப் பின்னால் விசிறி மடங்கியது, விரிந்தது, மறுபடி மடங்கியது.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் அந்த வேலை மகளிடமே தங்கிவிட்டது. கதவில் இருக்கும் காகிதத்தில் பன்னிரண்டாவது வரி ஒன்று அவள் கையெழுத்தில் சேர்ந்தது: இடது காதுக்குப் பின்னால் வேண்டாம். சன்ஸ்கிரீன் போட்டாயா என்ற கேள்வியும், எங்கே போடுவது என்ற பதிலும் வாசலில் இன்னும் நடக்கின்றன. தலையணை உறையை மகள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்த முதல் ஜோக் சொன்ன அன்றைக்கு முதல் டிரிப் ஒன்பது நிமிஷம் தாமதம். அதற்கப்புறம் எல்லா நாளும் அப்படித்தான். ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, அந்த வழித்தடத்துக்காரர்கள் வீட்டிலிருந்து ஒன்பது நிமிஷம் தாமதமாகவே கிளம்பப் பழகிக்கொண்டார்கள்.