ஐந்தில் ஒரு பங்கு

சிவனாண்டி கத்திரிக்காய் வாங்கினால்கூடத் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவான். புளி கிளி ஒட்டி வைத்திருப்பார்களாம். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே என் பல்லை எண்ணுன மனுசன்" என்று அவன் மனைவி சீனியம்மாள் விளாங்குடி முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவனும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவன் பரீட்சைக்குப் படிக்க இன்னொருத்தன் வீடு தேடிப் போனான் என்றால், வேறு வழியில்லாமல் போனான் என்றுதான் அர்த்தம். மதுரையில் ஒரு பாசன அலுவலகத்தில் அவனும் ராயப்பனும் படம் நகல் எடுக்கிறவர்கள். மதகுக்கும் வாய்க்காலுக்கும் பெரிய அதிகாரிகள் போட்ட கோட்டின்மேல் மெல்லிய துணியை விரித்து, அதே கோட்டைத் திரும்பப் போடுவது வேலை. முப்பத்தேழாம் வருஷம் அங்கே ஓவர்சியர் வேலை ஒன்று காலியானது. பரீட்சை வைத்து ஆள் எடுக்கப்போவதாக உத்தரவு வந்தது. ஒரே ஓர் இடம்தான். வயது வரம்பு வேறு உண்டு. சிவனாண்டிக்கு இது கடைசி வருஷம். இதை விட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் கோட்டின்மேல் கோடு போட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

ராயப்பன் மிஷன் பள்ளியில் படித்தவன். இங்கிலீஷும் கணக்கும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழைய கேள்வித்தாள்களை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருந்தான். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வந்துரு மாப்ள. சேந்து போட்டுப் பாப்போம்" என்று அவன்தான் கூப்பிட்டான். சிவனாண்டியும் வாராவாரம் பழங்காநத்தத்துக்குச் சைக்கிள் மிதித்தான். போகும்போதும் வரும்போதும் மண்டைக்குள் ஒரே கேள்விதான். இவன் எதற்காக நம்மைக் கூப்பிட்டான்?

அலுவலகத்தில் கருத்தக்கண்ணன் என்று பியூன்களை மேய்க்கிற டபேதார் ஒருவர் இருந்தார். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. "ஒரு நாக்காலிக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிறீங்க. அவன் உனக்கு எதுக்குய்யா பாடம் நடத்துறான்?" என்று கேட்டுவைத்தார். சிவனாண்டிக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

அதன்பிறகு அவன் கணக்கைப் பார்த்ததைவிட ராயப்பனின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். சந்தேகத்துக்குத் தீனியும் நிறையக் கிடைத்தது. ராயப்பன் கேள்வியை வாசிப்பான், சிவனாண்டியைப் போடச் சொல்வான், பிறகு வரி வரியாக விளக்குவான். தான் மட்டும் பேனா எடுத்து ஒரு விடைகூட எழுத மாட்டான். "நீ போட்டுக் காட்டு, நான் பாக்குறேன்" என்றால் சிரித்து மழுப்பிவிடுவான்.

"பரீட்சைச் சீட்டு வந்துருச்சா ராயப்பா?" என்று ஒருநாள் கேட்டான்.

"அது கெடக்கட்டும் மாப்ள. நீ அடுத்த கணக்கைப் பாரு."

காப்பி கொண்டுவந்த ஆனிமேரியிடம், "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் படிக்கிறாரோ?" என்று தூண்டில் போட்டான். அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு என்னண்ணே தெரியும்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்று சிவனாண்டிக்கு உறுதியாகிவிட்டது. அவர்கள் மறைத்தது என்னவோ உண்மைதான்.

அப்போதுதான் தக்கைக் கணக்கு வந்தது. பத்தடி அகலம், மூன்றடி ஆழமுள்ள வாய்க்காலில் ஒரு தக்கை விநாடிக்கு இரண்டடி மிதந்து போகிறது; வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? சிவனாண்டி மூன்றையும் பெருக்கி, விநாடிக்கு அறுபது கன அடி என்று எழுதினான்.

"அங்கதான் கவுத்துருவான்" என்றான் ராயப்பன். "தக்கை மேலதான மெதக்குது? மேல் தண்ணி ஓடுற ஓட்டத்துல அடித்தண்ணி ஓடாது. தரையும் கரையும் புடிச்சு இழுக்கும். அதனால அஞ்சுல ஒரு பங்கைக் குறைச்சிரணும். நாப்பத்தெட்டுதான் விடை."

"கேள்வியில குறைக்கச் சொல்லலையே?"

"சொல்ல மாட்டான் மாப்ள. நமக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் கேக்குறான்."

வாய்க்கால் தண்ணீரில் நின்று வளர்ந்த சம்சாரி வீட்டு, உழவு வீட்டுப் பிள்ளையான சிவனாண்டிக்கு இது தெரியாதா என்ன? தொடையில் இழுக்கிற வேகம் கணுக்காலில் இருக்காது என்று அவன் கால்களுக்கே தெரியும். ஆனால் சொன்னவன் ராயப்பன் ஆயிற்றே. கேள்வியில் இல்லாத ஒன்றை இவன் எதற்காகத் திணிக்கிறான் என்றுதான் புத்தி போயிற்று.

அடுத்த வாரம் தாங்குசுவர். சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணின் தள்ளுவிசை, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விழும் என்றான் ராயப்பன். ஆழம் போகப் போக மண் கூடுதலாகத் தள்ளும், அதனால் விசை கீழே இறங்கிவிடும் என்று படம் வரைந்தும் காட்டினான். சுவர் முழுக்கத் தள்ளுகிற மண் நட்டநடுவில் அல்லவா தள்ள வேண்டும் என்று சிவனாண்டி மனதுக்குள் கறுவிக்கொண்டான். வேறு யாரிடமாவது கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்டால் நாம் எதைப் படிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே.

ஆவணியில் பரீட்சை. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம். சிவனாண்டி போய் உட்கார்ந்ததும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். ராயப்பனைக் காணவில்லை. அடுத்த அறையில் இருப்பான், கமுக்கமானவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேள்வித்தாளைப் பிரித்தான். தக்கைக் கணக்கு வந்திருந்தது. தாங்குசுவரும் வந்திருந்தது. காலைத் தாளில் பாதி மதிப்பெண் இந்த இரண்டுக்கும்தான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நம்மைக் கவிழ்க்க எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான் பாவி என்று நினைத்துக்கொண்டான். தக்கைக்கு ஒரு துளியும் குறைக்காமல் அறுபது என்று எழுதினான். மண்ணைச் சுவரின் நட்டநடுவில் தள்ளவிட்டு, அடியில் இரட்டைக் கோடும் போட்டான்.

மத்தியான இடைவேளைக்கு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் ராயப்பன் சாப்பாட்டு அடுக்கோடு நின்றுகொண்டிருந்தான்.

"நீ எந்த ரூமுல எழுதுன?" என்று சிவனாண்டி கேட்டான்.

ராயப்பன் அடுக்கைப் பிரித்தான். "நான் எழுதலை மாப்ள. எனக்கு வயசு தாண்டிருச்சு. பங்குனியிலயே மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்ய."

"பங்குனியிலயா?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனிமேரியையும் வாயைத் தொறக்காதேன்னுட்டேன். சொல்லியிருந்தா, பரீட்சையே எழுதாதவன்கிட்ட என்ன படிக்கிறதுன்னு நீ வராம இருந்திருப்ப. இம்புட்டுப் படிச்சது ஒருத்தனுக்காவது ஆகட்டும்னுதான். சாப்பிடு, மதியப் பரீட்சை வேற இருக்குல்ல."

சிவனாண்டி மர வேரின்மேல் உட்கார்ந்துவிட்டான். உள்ளே போய் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போல இருந்தது.

"தக்கைக் கணக்கு வந்துச்சா?" ராயப்பன் ஆவலோடு அவன் எதிரே குந்தினான்.

"வந்துச்சு."

"அஞ்சுல ஒரு பங்கு குறைச்சேல்ல?"

சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "குறைச்சேன்."

"செவுரு?"

"மூணுல ஒரு பங்குன்னுதான் போட்டேன்."

"அப்ப வேலை உனக்குத்தான் மாப்ள" என்று ராயப்பன் அவன் முதுகில் தட்டினான். இன்னொரு கரண்டி மீன்குழம்பை அள்ளிச் சோற்றில் ஊற்றினான். சிவனாண்டி சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான்.