திருஷ்டிக் கயிறு

“அக்கா, உங்க கார்ல கட்டியிருக்கற திருஷ்டிக் கயிற அவுக்கணும்.”

வாடிக்கையாளர்களிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே ஷோரூம் மேனேஜர் வெங்கட் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன்.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கார மாதேஸ்வரியின் கார் மூன்றாம் முறையாக வந்திருந்தது. வளைவில் திரும்பினாலே சஸ்பென்ஷன் எச்சரிக்கை, கூடவே ஸ்டெபிலிட்டி விளக்கு. முன்பு இரண்டு முறையும் கம்ப்யூட்டரை மாட்டிப் பிழையை அழித்தேன், சென்சார் அளவைத் திருத்தினேன், அனுப்பிவிட்டேன். குனிந்து பார்க்கவில்லை. இன்று லிஃப்டில் ஏற்றியதும் தெரிந்தது. பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கட்டிய கறுப்புக் கயிறு தளர்ந்து, சென்சாரின் சின்னக் கம்பியில் சுற்றியிருந்தது. சக்கரம் ஏறி இறங்கினாலும் கம்பி அசையாது. கார் சாய்கிறதென்று கம்ப்யூட்டர் பதறும்.

“அவுத்துக்கோ கண்ணு. ஆனா அத நான் கட்டல,” என்றார் மாதேஸ்வரி. “இங்க வண்டி எடுத்தன்னைக்கு அந்தம்மாதான் பூசணிக்கா சுத்திக் கட்டி உட்டுது.”

அவர் கை காட்டிய இடத்தில் துடைப்பத்தோடு பாப்பம்மா நின்றிருந்தது. என் அம்மா. இங்கே யாருக்கும் தெரியாது. “இஞ்சினியருக்கு அம்மா கூட்டறவளான்னு பேசுவாங்க. நான் மேடம்னே கூப்புட்டுக்கறேன்,” என்று சொன்னது அம்மாதான். நான் மறுக்கவில்லை. அதுதான் கேவலம்.

வெங்கட் பாய்ந்து வந்தார். “ஏய் பாப்பம்மா! அங்க கட்டச் சொல்லி யாரு சொன்னது?”

“நீங்கதான் சார். முன்னாடி கட்டுனா டெலிவரி போட்டோல அசிங்கமா தெரியுது, உள்ள கட்டுன்னு…”

“எதுத்துப் பேசறியா? நாளைலருந்து வராத. படிக்காததுங்கள வெச்சா இப்படித்தான். என்னம்மா, நீயே சொல்லு!” என்று என்னிடம் திரும்பினார்.

அம்மா என் ஷூவைப் பார்த்துச் சொன்னது: “தப்புதாங்க மேடம்.”

முடிவு அப்போதே எடுத்தாயிற்று.

“குனிஞ்சு பாக்காதது நான்க்கா,” என்றேன் மாதேஸ்வரியிடம். “உள்ள கட்டச் சொன்னது இவரு. கட்டுனது எங்கம்மா.”

“அம்மாவா?” வெங்கட் திகைத்தார். “இத்தன நாளா ஏன் சொல்லல?”

கயிற்றை வெட்டி எடுத்தேன். அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

“வாம்மா, போலாம்.”

“லூசாடி நீ? என் வேலதான் போச்சு, உன்னுதுமா?”

அத்தனை பேர் முன்னால் ‘டி’ போட்டது. துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, திட்டிக்கொண்டே வந்த அம்மாவோடு கேட்டைத் தாண்டினேன்.