மஞ்சளாகாத குப்பி

பேராசிரியர் ஒலாடுனுக்கு 'சீஃப்' என்ற ஊர்ப்பட்டம் சூட்டிய சனிக்கிழமை, நைஜீரியாவின் இபாடான் ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் ஒரே நீலத் துணியில் உடுப்புத் தைத்துக்கொண்டு விழாவுக்குப் போயிருந்தார்கள். போகாதவர்களின் ஆய்வேட்டில் கையெழுத்து விழாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அன்றுமுதல் அவர் சீஃப் பேராசிரியர்.

ஆய்வு மாணவி மொரெனிக்கேயும் போனாள். போகிற அவசரத்தில், இரண்டாம் இன்குபேட்டரின் கரியமில வாயு சிலிண்டரை மாற்ற மறந்தாள்.

அந்த இன்குபேட்டருக்குள் வளர்ந்தவை மார்பகப் புற்றுச்செல்கள். செல்லுக்குள் கைனேஸ் என்றொரு புரதம், சுவிட்ச் மாதிரி. புற்றுச்செல்லில் அது அணைவதே இல்லை. பந்தியில் எழுந்திருக்க மனமில்லாதவன் போலச் செல் சர்க்கரையை விழுங்கும், புளிப்பைக் கக்கும், பெருகும். குப்பியிலிருக்கும் சிவப்புத் திரவம் அந்தப் புளிப்பில் மஞ்சளாகும். சுவிட்சை அணைக்கும் மருந்து வேலை செய்தால் மஞ்சளாகாது.

திரவத்துக்குப் புளிப்புச் சேர்ப்பதில் கரியமில வாயுவுக்கும் பங்கு உண்டு; அது தீர்ந்துபோனாலும் மஞ்சளாகாது.

திங்கட்கிழமை மருந்திட்ட குப்பிகள் எல்லாம் பளிச்சென்று சிவந்திருந்தன. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவள் சிலிண்டரை மாற்றிவிட்டு வாயைத் திறப்பதற்குள், பட்டத்துப் பவள மாலையைக் கழற்றாத சீஃப் உள்ளே வந்து ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இன்னொரு தடவை செய்து பார்க்கலாமே என்று அவள் முனகினாள். சந்தேகம் சின்னவர்களுக்கு, தனக்குக் கண் இருக்கிறது என்றார். அந்த வாரமே, புற்றுக்கு மருந்து கண்டாயிற்று என்று வாசலில் பேனர் ஏறியது. குப்பியைவிட அதில் அவர் பெரிதாக இருந்தார்.

அலுவலகச் செயலாளர் அபெனி அம்மா மறுநாளிலிருந்து அவளுக்கு மொயின்மொயின் கொண்டுவரத் தொடங்கினார். அரைத்த காராமணியை இலையில் பொதிந்து அவித்தது, சூடாக. இரண்டு வாரம் தின்ற பிறகுதான் காரணம் தெரிந்தது. அவருடைய இடது மார்பில் கட்டி. அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். இந்த மருந்து வரட்டும் என்று அவர் அதை ரத்து செய்துவிட்டார்.

அன்று அவள் இலைப்பொதியைப் பிரிக்கவில்லை.

"அம்மா, அந்த மருந்து வேலை செய்யல."

"அடிப் போடி, பேனர்ல போட்டிருக்கே."

"சிலிண்டர் காலியா இருந்துச்சு. நான்தான் மாத்தல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அபெனி அம்மா தட்டச்சை நிறுத்தினார். திரையில், மருந்து அறிவிப்பு விழாவுக்கு அமைச்சரை அழைக்கும் கடிதம் பாதியில் நின்றது.

"அது தெரிஞ்சேவா தினமும் என் கையால வாங்கித் தின்ன?"



அவர் மருத்துவமனைக்குப் போன் போட்டார். பழைய தேதி போய்விட்டது. இனி ஆறு வாரம் கழித்துத்தான் என்றார்கள். சுவரில் சீஃப் பட்டம் சூட்டிக்கொண்ட படம் போட்ட காலண்டர். தாளைப் புரட்டி, அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். மேலே சீஃப் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"போய் அவர்கிட்ட சொல்லு. இந்த லெட்டரை நான் முடிக்கப் போறதில்ல."

அவள் எழுந்தாள்.

"அதையும் எடுத்துட்டுப் போ," என்றார் அவர், பிரிக்காத இலைப்பொதியைப் பார்த்து. "உனக்குன்னு செஞ்சது. வேற யாருக்குக் குடுப்பேன்?"

கையில் அது இன்னும் சுட்டது. சீஃபின் கதவை அவள் முழங்கையால் தட்டினாள்.