ஒன்பதாம் கேள்வியின் தமிழ்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கென்று மூன்று நாள் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். தன்னைத் தானே ஆராய்ந்து, அதிலிருந்து தனக்கென ஒரு பிராண்டை உருவாக்கிக்கொள்ளும் பயிற்சி. அதற்கான புத்தகத்தில் இருபத்தொரு கேள்விகள். சாலைக் கடைத்தெரு, கரமனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் வருவார்கள் என்று அதைத் தமிழாக்கக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான், சும்மாதான் இருந்தேன்.

ஒன்பதாவது கேள்வி மூலத்தில் சப்பென்று இருந்தது. உங்கள் வாழ்வின் கடினமான அனுபவம் ஒன்றைப் பகிருங்கள், அவ்வளவுதான். அப்படியே விட்டிருக்கலாம். எனக்குக் கை சும்மா இருக்காது. 'இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் நீங்கள் தனியாகச் சுமப்பது எது?' என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று இன்னொரு காப்பி போட்டுக் குடித்தேன்.

கதை அந்தக் காப்பியில் தொடங்கு...

[இல்லை. இப்படிப் போனால் இது என் கதையாகிவிடும். செத்தது என் வீட்டு மனிதர் இல்லை.]

2

முதல் தொடக்கம்: கரமனை ஆற்றில் தண்ணீர் கலங்கி ஓடிய ஒரு காலையில்...

அடித்துவிட்டேன். ஆறு வந்தால் பின்னாலேயே வர்ணனை வந்துவிடும்.

இரண்டாவது: சீதாலக்ஷ்மி வேப்பிலைக்கட்டி* விற்றாள்.

இது போதும்.

சீதாலக்ஷ்மிக்கு நாற்பத்தாறு வயது. கரமனை அக்ரஹாரத்தில் வாடகை வீடு. பயிற்சிக்குப் பிறகு வேப்பிலைக்கட்டி வாங்கப் போய்த்தான் எனக்குப் பழக்கம். கணவர் சேஷன் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். நாலு வருஷத்துக்கு முன் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் படித்துறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். தெருவுக்கு அப்படித்தான் தெரியும். மகள் அனுஷாவுக்கும் அப்படித்தான் தெரியும். அப்போது அவளுக்குப் பதினாலு. இப்போது கொச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

பயிற்சி நடத்திய ஷைலஜா முதல் நாளே சீதாலக்ஷ்மியின் பாட்டிலைத் திறந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். "சாதனம் கொள்ளாம் சேச்சி. பக்ஷே இதில் சேச்சி எவிடெ?" என்றாள். பொருள் நன்றாக இருக்கிறது, அதற்குள் நீ எங்கே என்று அர்த்தம். சீதாலக்ஷ்மி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். லேபிள் சரியாகத்தான் ஒட்டியிருந்தது.

(* பெயரில்தான் வேப்பிலை. உள்ளே இருப்பது நாரத்தை இலை, மிளகாய், ஓமம், புளி. வேப்பிலை எங்கே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.)

3

எட்டுக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வரி எழுதினாள். ஒன்பதாவதுக்கு நாலு பக்கம்.

சேஷன் வழுக்கி விழவில்லை. பல மாதமாகவே அவர் சரியாக இல்லை. பேப்பரைப் பிரிப்பார், படிக்கமாட்டார். சாதத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருப்பார். கடைசி நாள் சாயங்காலம் அனுஷா பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவர் கூடாது என்றார். "அப்பா இல்லாத ஆத்துல எல்லாரும் நிம்மதியாத்தான் இருக்கா" என்று கத்திவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை அவர் ஆற்றுக்குப் போனார். அடுக்களை அலமாரியில் [இங்கே ஒரு பொருளின் பெயர் எழுதியிருந்தேன். எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்] விட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வருகிற எண்ணம் உள்ள மனிதர் அதை விட்டுவிட்டுப் போகமாட்டார். யார் கண்ணிலும் படுவதற்குமுன் சீதாலக்ஷ்மி அதை ஒளித்துவைத்தாள். வழுக்கிவிட்டார் என்று முதலில் சொன்னவள் அவள்தான். பெண் தான் சொன்ன வார்த்தையையும் அப்பாவின் சாவையும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

ஷைலஜா அதை உரக்க வாசிக்கச் சொன்னாள். மலையாளத்தில் விளக்கிச் சொன்னதும் அறையே அழுதது. சீதாலக்ஷ்மி மட்டும் அழவில்லை. நாலு வருஷத்தில் அன்றுதான் தோள் பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். ஷைலஜா அவளைக் கட்டிக்கொண்டு, "இதாணு சேச்சியுடெ பிராண்ட்" என்றாள்.

அந்த வாரமே வீடியோ எடுத்தார்கள். பருத்திப் புடவை, அடுப்பு, பின்னால் ஜன்னல் வெளிச்சம். "என் ஆத்துக்காரர் வழுக்கி விழலை. தானாவே போனார். நாலு வருஷம் நான் பொய் சொன்னேன். இனிமே என் கையால வர்ற எதுலயும் பொய் இருக்காது." பெண் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. பெற்ற பெண்ணிடம் சொல்லாததை ஊருக்குச் சொல்வாளா ஒருத்தி? நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள். கதையில் நிற்காது என்று நினைத்து, மகளுக்கு முன்பே தெரியும் என்பதுபோல் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. நேரே கரமனைக்குப் பஸ் ஏறிப் போய் அவளிடமே கேட்டேன்.

நாரத்தை இலையின் நரம்பைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "நேர்ல சொன்னா அவ மூஞ்சியைப் பாக்கணுமே டீச்சர். கேமராக்கு மூஞ்சி இல்லையே."

கொஞ்சம் கழித்து, "அந்தக் கேள்வியை யாரு எழுதினாளோ, தெரியலை. நம்மாத்து மனுஷா பக்கத்துல உக்காந்து கேக்கற மாதிரி இருந்தது. பதில் சொல்லாம இருக்க முடியலை" என்றாள்.

நான்தான் என்று அன்று சொல்லவில்லை. [இன்றுவரை சொல்லவில்லை. ஒன்பதாம் கேள்விக்கு என் பதில் இதுதான் போலிருக்கிறது.]

5

விடுதியில் கூட இருக்கும் பெண் ஒருத்தி, "இது நின்றெ அம்மையல்லே?" என்று போனை நீட்டினாள். மறுநாள் மத்தியானம் அனுஷா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பையைக்கூட இறக்கவில்லை.

சீதாலக்ஷ்மி இலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்குச் சாயங்காலம் நான் சொன்னேனே."

"என்ன சொன்னே? எனக்கு ஓர்மையில்லை."

"வேண்டாம்மா. பொய் சொல்லமாட்டேன்னு லோகம் முழுக்கச் சொல்லியாச்சு. எனக்கும் சத்யம் பறஞ்சா மதி, அது போதும். நான் சொன்னதாலயா அப்பா போனார்?"

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தாய் அப்பாவின் பல மாதத்து மௌனத்தையெல்லாம் சொல்லி, அது நோய், உன் வார்த்தை இல்லை என்று புரியவைக்கிறாள், இருவரும் அழுகிறார்கள். நன்றாகவே எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் தாய், தெரியாது என்கிறாள். உண்மை அதுதான், ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அந்த வார்த்தையைக் கொடுத்து அனுப்ப என்னால் முடியவில்லை. மூன்றாவதைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

நடந்தது இது. அனுஷா கேட்டு முடிக்குமுன்பே சீதாலக்ஷ்மியின் வாயிலிருந்து "இல்லை" வந்துவிட்டது.

அனுஷா அவளையே பார்த்தாள். "சரி" என்றாள். மோர் சாதம் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு மணி வண்டிக்குக் கிளம்பிவிட்டாள். வீடியோவை அன்றே நீக்கியாயிற்று. பிரதி எடுத்தவர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர்கள் நிற்கவில்லை. அனுஷா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். மழையா என்று கேட்கிறாள். வகுப்புக்குச் சரியாகப் போவதில்லை என்று கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. சீதாலக்ஷ்மி கொச்சிக்குப் போனபோது, விடுதி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள்.

அனுஷா பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பெருமைப்படும் தைரியம் இல்லை.

6

முடிவு என்னிடம் இல்லை. சென்ற வாரம் சீதாலக்ஷ்மி என்னிடம் கேட்டதை மட்டும் உங்களிடம் தருகிறேன். சாலையில் மிளகாய் வாங்கிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் கேட்டாள்.

"உடனே சொல்லாம, செத்த யோசிச்சுட்டு 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாளோ டீச்சர்?"

எவ்வளவு நேரம் யோசித்திருக்க வேண்டும்? குறைந்தால் பொய். கூடினாலும் பொய். சரியான அளவு ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அவள் நம்புகிறாள். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டோம். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவளிடம் போய்ச் சொல்கிறேன்.