பக்கத்து லயத்து ஆள்

உங்கள் அம்மாவின் ஈறு என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஷெரோமிக்குத் தெரியும். கறுப்பு. அவளுடையதும் அதே கறுப்புத்தான். கந்தப்பளைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சராகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. ஒருநாள் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தபோது முன்வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், நீங்களும் வெத்தல போடுவீங்களா?" அதோடு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட் லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஏதாவது செய்துகொள்ள வேண்டுமென்று நுவரெலியாவில் ஒரு பல் டொக்டரிடம் போனாள். ஊசிக்குப் பயந்து அம்மா தெரேசாவையும் கூட்டிக்கொண்டாள். தெரேசா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்; இருவரும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில்தான் இருந்தார்கள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் விரல்களில் கறை போகவில்லை.

டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டுச்சீட்டு எழுதிய நர்ஸ், "இவங்க யாரு, அம்மாவா?" என்று கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, பக்கத்து லயத்து ஆளு. தொணைக்கு வந்தாங்க."

சொன்ன பிறகுதான் ஷெரோமிக்கே அது காதில் விழுந்தது. தெரேசா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

இருவரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். டொக்டர் நடராசா யாழ்ப்பாணத்துக்காரர். ஷெரோமியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ. முந்தி மாதிரிக் கத்தியால வெட்டிறேல்ல. விறைப்பு ஊசி போட்டிட்டு, சின்ன மிசினால முரசின்ர, அதுதான் ஈறின்ர, மேல்தோலை மட்டும் உரசி எடுப்பன். தையலும் இல்லை. திரும்பக் கறுத்தாலும் கறுக்கும், அதையும் சொல்லிப்போடுறன். வீட்டில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

ஷெரோமி பின்னால் திரும்பவில்லை. "இல்லீங்க டொக்டர்."

"அப்ப இப்போதைக்குத் தொடேலாது. பரம்பரையா வந்ததெண்டால் இது நோய் வருத்தமே இல்லை. இல்லாட்டி, கண்டிக்கு அனுப்பி ரத்தம் சோதிக்கோணும். மூண்டு கிழமை பிடிக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நர்ஸ் கதவருகே நின்றாள். ஷெரோமி காது சுட, மேசையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தெரேசாவின் குரல் வந்தது. "ஐயா, டீச்சர் கவனிச்சிருக்க மாட்டாங்க. நா பக்கத்து லயந்தானே, அவங்கம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். பொறந்ததுல இருந்து அவங்களுக்கும் இப்புடித்தாங்க."

"நீங்கள் வடிவாக் கவனிச்சுப் பாத்தனீங்களோ?"

"தெனமும் பாக்குறேங்க." முந்தானை வாயைவிட்டு இறங்கவில்லை.

டொக்டர் அந்த முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷெரோமியைப் பார்த்தார். "நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வாங்கோ" என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஷெரோமி, "அம்மா..." என்றாள்.

"பசிக்குதா? வடை வாங்கட்டா?" என்றாள் தெரேசா.



மறுநாள் காலை தெரேசா பெரட்டுக் களத்துக்குப் போய், அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்தெடுக்க மலைக்கு ஏறினாள். ஷெரோமி தனியாக நுவரெலியாவுக்குப் போய் ஈறை உரசி எடுத்துக்கொண்டாள்.