பன்னிரண்டு சரணங்கள்

எங்கள் ஊரில் ஐம்பது வயது முடிந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பிடித்த பாட்டுகளாக எழுதிப் பாட்டுப் பதிவகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு பாட்டுக்கு ஐந்து வருஷம். பல்லவிக்கு ஒன்று, சரணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கடைசி வரை கேட்ட பாட்டாக இருக்க வேண்டும். கேட்காத பகுதிக்கு உரிய வருஷங்கள் வாழாதவையாகக் கருதப்பட்டு வயதிலிருந்து கழிக்கப்படும். இதில் குழப்பம் ஒன்றுமில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைவிட எளிது.

எதிர்வீட்டுக் கோலப்பன் சாருக்குப் பாட்டில் நாட்டமில்லை. வங்கியில் மேனேஜர். யோசித்து யோசித்து ஒரு முழுப் பாட்டும், இன்னொன்றில் முதல் சரணம் வரையும் எழுதிக் கொடுத்தார். எட்டு வயது என்று பதிந்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறார். காலையில் அவர் மனைவி டிபன் பாக்ஸில் புளியோதரை வைத்துக் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிறாள். கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறார். கையெழுத்துதான் சரியில்லை.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் இதற்கு நேர்மாறு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் ஐம்பத்தெட்டு வந்தது. எட்டு வருஷம் உபரி. அப்படிப் பார்த்தால் இப்போது அவருக்கு அறுபத்துமூன்று. பஸ்ஸில் முதியோர் இருக்கையில் கால் நீட்டி உட்காருவார். எங்கள் தெரு மூத்தோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சட்டைப் பையில் பித்தளை பேட்ஜ். குளிக்கப் போகும்போது அதைத் துண்டில் குத்திக்கொள்வார்.

போன மாதம் எனக்கு ஐம்பது முடிந்தது. பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள் நான். விண்ணப்பத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் மார்ஜின் போட்டு எழுதினேன். முதல் இருபது வருஷத்துக்கு நான்கு பாட்டு. பள்ளியில் காலை அசெம்பிளியில் பாடியது ஒன்று, அப்பாவின் ரேடியோவுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு கேட்டவை மூன்று. நான்கும் முழுசு. இருபதாவது வயதில், டிகிரி இரண்டாம் வருஷத்தில் இருந்தவளைப் பிடித்துக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிந்திய முப்பது வருஷத்துக்கு ஆறு பாட்டு. ஆறும் உயிரான பாட்டு.

பதிவாளர் உலகம்மாள் பட்டியலை வாங்கிப் படித்தாள். என்னைவிடச் சின்னவள். ஐந்தாவது வரியில் பேனாவை வைத்தாள்.

"படகுப் பாட்டு. முதல் சரணம் சொல்லுங்கக்கா."

தெரியவில்லை. பல்லவி முடிந்து வயலின் எடுக்கும்போது பால் பொங்கும். அடுத்தது சைக்கிள் பாட்டு. பல்லவி முடிவதற்கும் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்கும் சரியாக இருக்கும். மலைப்பாதைப் பாட்டுக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். மற்ற மூன்றுக்கும் தாளிப்பு, அழைப்பு மணி, மாமியார். ரேடியோ ஹாலில் இருந்தது, நான் அடுக்களையில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சரணத்தைக்கூட நான் கேட்டதே இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

உலகம்மாள் கூட்டினாள். இருபதும் ஆறு பல்லவிக்கு ஆறும் இருபத்தாறு.

"தற்காலிகமா இருபத்தாறுன்னு போட்டிருக்கேன். பதினைந்து நாளுக்குள்ள சரணத்தைக் கொண்டு வா, தங்கச்சி," என்றாள். அவளுக்குப் பதிவேட்டின்படி நாற்பத்தொன்று.

இருபத்தாறு என்றால் கசக்கவா செய்யும் என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது. என் மகள் சிந்துஜாவுக்கு இருபத்தெட்டு. ஓசூரில் வேலை பார்க்கிறாள். மூன்றாம் நாள் அவளுக்கும் எனக்கும் ஒரே வாசகத்தில் நோட்டீஸ் வந்தது. தாயைவிட மகள் மூத்தவராக இருக்க இயலாது என்பதால், கெடு முடிந்ததும் மகள் தந்தையின் பெயரில் மட்டும் பதியப்படுவார். தாய் என்ற இடத்தில் ஒரு கோடு இடப்படும்.

சிந்துஜா போன் செய்தாள். கொஞ்ச நேரம் மழை, ஹாஸ்டல் சாப்பாடு என்று பேசினாள். பிறகு, "அம்மா, கெடு முடிஞ்சப்புறம் நான் உன்னை என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

பேர் சொல்லிக் கூப்பிடு என்று நான் சொல்லவில்லை. சரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கேட்காத சரணம் எங்கேயும் போய்விடாது. ஒரு வீட்டுக்குள் வந்த பாட்டு அந்த வீட்டில் யாராவது ஒருவர் காதில் இறங்கித்தான் ஆகும். பீரோவைத் திறந்து என் வீட்டுக்காரருடைய பதிவு நகலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. படகுப் பாட்டு, முதல் சரணம், இரண்டாம் சரணம். சைக்கிள் பாட்டு, முதல் சரணம், இரண்டாம் சரணம். பல்லவியே இல்லாத பன்னிரண்டு சரணங்கள். இருபத்துநான்கு வருஷம். பல்லவி ஓடும்போது அவர் மார்க்கெட் பையைத் தேடிக்கொண்டிருப்பார். நான் அடுக்களைக்குள் போனதும் பையை மறந்துவிட்டு சோபாவில் சாய்வார். அப்படிச் சாய்ந்து சேர்த்த சொத்து.

நியாயமாகத்தான் கேட்டேன். என் சரணத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு அப்பவும் முப்பத்தொன்பது மிஞ்சும், தலைமுடியும் கறுக்கும் என்றேன். அவர் பேட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டவனுக்குத்தாம்ளா சரணம். ஒன்ன யாரு எந்திரிச்சிப் போகச் சொன்னா?"

"காப்பி கேட்டது யாரு?"

"காப்பிதான கேட்டேன். எந்திரிச்சிப் போன்னு சொன்னேனா?"

முப்பது வருஷமாக இந்த ஆளுடன் பேசிப் பேசி எனக்குத் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். மறுநாள் காலை ஆட்சேப மனு கொடுத்தேன். சரணத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரினால், வைத்திருப்பவர் பதிவாளர் முன்னால் அதைப் பாடிக் காட்ட வேண்டும். பாட முடிந்தால் அவருடையது. சட்டம் அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சங்கத்திலிருந்து துணைக்கு இரண்டு பேர். தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, படகுப் பாட்டின் முதல் சரணத்தை எடுத்தார்.

குறட்டைதான் வந்தது. நல்ல குறட்டை, குறை சொல்ல மாட்டேன். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. இரண்டாம் சரணத்துக்கும் குறட்டை, கொஞ்சம் மேல் ஸ்தாயியில். பன்னிரண்டு சரணத்தையும் பாடி முடித்தார். உலகம்மாள் தன் ஏட்டில் 'தூக்கம், ஆதி தாளம்' என்று எழுதினாள். சங்கத்துக்காரர்கள் இருவரும் தாளம் போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஐயா இதைக் கேட்கலை. எது மேல படுத்திருந்தீங்க?" என்றாள்.

சோபா என்றார். கொண்டுவரச் சொன்னாள்.

லோடு ஆட்டோவில் வந்தது. அரக்கு நிற ரெக்சின், மூன்று பேர் உட்காரலாம், கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த சீர். முப்பது வருஷமாக நான் அதைத் தினமும் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நான் உட்காரும் நேரத்தில் அதில் ஆவுடையப்பன் இருப்பார், அல்லது மடிக்க வேண்டிய துணி இருக்கும். பதிவாளர் மேசைக்கு எதிரே இறக்கிவைத்ததும் அது லேசாக ஸ்பிரிங்கை அசைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டது.

உலகம்மாள் சட்டத்தைச் சொன்னாள். மரச்சாமான் கேட்ட சரணத்தை, அதில் அமர்ந்து முழுவதும் கேட்பவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஒரே அமர்வில் கேட்க வேண்டும். நடுவில் எழுந்தால் எல்லாச் சரணமும் பழைய இடத்துக்கே போய்விடும்.

"உட்காரு தங்கச்சி. எழுந்திருக்கப்படாது."

உட்கார்ந்தேன். சோபா பாடியது.

கான்வென்டில் கூட்டுப் பாடலுக்கு எங்களை வரிசை பிரித்து நிற்கவைத்த சிஸ்டர் எமரன்சியா இருந்திருந்தால் இதை இரண்டாம் வரிசையில், கனத்த குரல்காரிகளுடன் நிறுத்தியிருப்பார். படகுப் பாட்டின் முதல் சரணத்தில் என் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் முழுவதும் இருந்தது. இரண்டாவதில் நான் சிந்துஜாவைச் சுமந்துகொண்டு மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றேன். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஹாலுக்குள் அவ்வளவு வெளிச்சம் வரும் என்பது எனக்குத் தெரியாது.

சைக்கிள் பாட்டு, முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் தொடங்கியபோது பதிவகத்தின் பின்கட்டில் அவர்கள் மத்தியானச் சோற்றுக்கு வைத்திருந்த குக்கர் விசில் அடித்தது.

என் முழங்கால் தானாக நிமிர்ந்தது. உலகம்மாள் பேனாவைத் தூக்கினாள். நான் இரண்டு கையாலும் ரெக்சினைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சரணத்தில் சிந்துஜா டிவி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை ஜட்டி, ஒரு காதில் மட்டும் தோடு. கையை விட்டாள். ஒரு அடி வைத்தாள். நான் அன்றைக்கு இதற்கு இரண்டு சுவர் தள்ளிக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விசில். நாலாவது அடி. ஐந்தாவது.

ஆவுடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியாதா. மூக்கை உறிஞ்சி, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஏளா வடிவு. என்னமோ தீயுத வாட வருது."

மூன்றாவது விசில் அடித்தது. எனக்கும் வாடை வந்தது. நிஜமாகவே அடிப்பிடித்திருந்தது.

"தீயட்டும்," என்றேன்.

பதினொரு அடி நடந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, அடுக்களைப் பக்கம் பார்த்து, யாராவது வருகிறார்களா என்று நின்றாள். சரணம் முடியும்வரை நின்றாள்.

மற்ற எட்டும் கேட்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அழைப்பு மணி இரண்டு தரம், தபால்காரர் ஒரு தரம். அசையவில்லை. முடிந்ததும் பன்னிரண்டையும் உலகம்மாளிடம் பாடிக் காட்டினேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி தாடையைத் தூக்கி, கையைக் கோத்து, ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இழுத்துப் பாடித்தான் எனக்குப் பழக்கம். காதல் பாட்டெல்லாம் நன்றியறிதல் ஆராதனை மாதிரி ஒலித்தது. சங்கத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒன்றுமில்லை.

உலகம்மாள் முத்திரை குத்தினாள். "ஐம்பது. கையெழுத்துப் போடுங்கக்கா." பிறகு கருகின சோற்றைப் பார்க்கப் போனாள்.

ஆவுடையப்பனுக்கு முப்பத்தொன்பது என்று திருத்தினார்கள். பேட்ஜை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார். நான் உட்கார்ந்து வந்தேன். வயதில் பதினொரு வருஷம் மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. பெருமாள்புரம் தாண்டும்வரை யோசித்துவிட்டு, "எக்கா, வீட்டுச் சாவி ஒங்கிட்டயா இருக்கு?" என்றார். இருக்கிறது என்றேன்.

சிந்துஜாவுக்குப் போன் செய்து பதினொரு அடி என்றேன். அவள் என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை, அப்படியே கூப்பிட்டால் போதும் என்றேன்.

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். எனக்குத் தெரியாத புதுப் பாட்டு. பல்லவி நன்றாக இருந்ததால் சோபாவில் உட்கார்ந்தேன். அது கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. முதல் சரணத்தில் ஆவுடையப்பன் அடுக்களை வாசலில் வந்து நின்று, "எக்கா, பாலு..." என்றார். நான் கையைக் காட்டி அமர்த்தினேன்.

பால் பொங்கியது. அடுப்பு மேடையிலிருந்து இறங்கி, அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஹால் வாசல் வரைக்கும் வந்தது. நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றது. இரண்டாம் சரணம் முடிந்து நான் தலையாட்டிய பிறகுதான் திரும்பிப் பாத்திரத்துக்குப் போனது.